அன்னம்மா டீச்சருக்குப் பொன்னாடை

"அன்னம்மா டீச்சருக்கு ஒரு பொன்னாடை, இருதயராஜ் சாருக்கு ஒரு பொன்னாடை. சனிக்கிழமைக்கு டோபி காட்ல ஹால் புக் பண்ணியாச்சு லா!" என்றார் ஷபானா டீச்சர். இதைச் சொல்வதற்கென்றே ஈசூனிலிருந்து தேக்காவில் உள்ள வெங்கட்டின் அலுவலகம்வரை வந்திருந்தார்.

வெங்கட் குடித்துக்கொண்டிருந்த தேநீர் மூக்கில் ஏறியது.

"நல்ல ஐடியா," என்றார் அவனுடைய மேலதிகாரி மோகனப்பிரியா, சிரிக்காமல். "அன்னம்மா டீச்சரை வெங்கட் கூப்பிடட்டும். இருதயராஜ் சார்கிட்ட நான் பேசறேன்."

கூப்பிடுவதில் வெங்கட்டுக்குத் தயக்கம் ஒன்றுமில்லை. அன்னம்மா டீச்சர் என்று ஒருவர் இல்லை, அவ்வளவுதான்.

வகுப்பில் மடிக்கணினி வைத்துத் தமிழ் நடத்தும் ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கட்டும் என்று வெங்கட்டின் நிறுவனம் ஓர் இணையக் குழுவைத் தொடங்கியது. பெயரைக் கொடுத்தால் போதும், சேர்ந்துவிடலாம். கூட்டமாகச் சேர்ந்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆயுள் முழுக்க விடை தெரிந்த கேள்விகளையே கேட்டுப் பழகியவர்கள், பாவம். தெரியாததை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

குழு பேசாவிட்டால் திட்டத்தை மூடுவார்கள். திட்டத்தை மூடினால், வெங்கட் இந்த நாட்டில் தங்கி வேலை செய்வதற்கான அனுமதி, அந்த வேலை பாஸ், போகும். அப்புறம் திருச்சிக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

ஆகவே ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் செம்பவாங் அன்னம்மா டீச்சராக மாறினான். "மடிக்கணினியை மூடினா பிள்ளைங்க எழுதினதெல்லாம் அழிஞ்சிடுமா? சிரிக்காம சொல்லுங்க."

சிரிக்காமல் சொன்னவர் இருதயராஜ் சார். "எனக்கும் அந்தப் பயம் இருந்துச்சு டீச்சர். அழியாது. தைரியமா மூடுங்க."

"ஐயோ, நானும் இதைத்தான் கேக்க நினைச்சேன்!" என்று அடுத்து ஓடிவந்தவர் ஷபானா. அவர் பின்னால் மற்றவர்கள். அன்னம்மா அபத்தமாகக் கேட்பார், இருதயராஜ் சலிக்காமல் சொல்வார், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வெட்கத்தை விட்டார்கள். இப்போது குழுவில் பேச்சு நிற்பதே இல்லை.

அன்னம்மாவே பொய் என்று தெரிந்தால் அத்தனை பேரும் ஒரே மூச்சில் வெளியேறிவிடுவார்கள்.

ஷபானா வந்துபோன அன்று மாலையே அன்னம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. 'எந்த ஆஸ்பத்திரி? எல்லாரும் வந்து பாக்கறோம்' என்று ஷபானா எழுதினார். காய்ச்சல் உடனே குணமாயிற்று. சாகடித்துவிடலாமா என்றுகூட வெங்கட் யோசித்தான். இரங்கல் கூட்டத்துக்கு ஷபானா இதைவிடப் பெரிய ஹாலாகப் பிடிப்பார் என்பதால் அதையும் விட்டுவிட்டான்.

போதாக்குறைக்கு இருதயராஜ் சார் தனிச்செய்தியில் துளைத்தெடுத்தார். 'சனிக்கிழமை நிச்சயமா வர்றீங்களா டீச்சர்?' பதில் வராததால் மறுபடியும்: 'உண்மையாவே வர்றீங்களா?'

எவ்வளவு ஆசை அந்த மனிதருக்கு! அவரை ஏமாற்றத்தான் வெங்கட்டுக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை மோகனப்பிரியா மேடத்தின் அறைக்குள் போய் நின்றான்.

"அன்னம்மா டீச்சர் வர மாட்டாங்க மேடம்."

"ஏன்? என்னாச்சு?"

"அப்படி ஒருத்தரே இல்ல. நான்தான் அன்னம்மா. பாஸைக் கேன்சல் பண்றதுன்னா பண்ணிடுங்க."

மோகனப்பிரியா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திட்டுவது வெளியே கேட்கக் கூடாது என்ற நாகரிகம், என்று வெங்கட் தலையைக் குனிந்துகொண்டான். அவரோ பொத்தென்று நாற்காலியில் சாய்ந்து, அறையே நிறையும்படி ஒரு பெருமூச்சு விட்டார்.

"அப்பாடா! இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா வெங்கட்? என் இருதயராஜை எங்க கொண்டுபோய் ஒளிக்கிறதுன்னு தெரியாம நான் தூங்கியே எத்தனை நாளாச்சு! ஷபானாவுக்குப் போன் போடுங்க. ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டு ஆஸ்திரேலியா போயிட்டாங்கன்னு சொல்லிடலாம், ஒரே பொய்யோட முடிஞ்சிடும்."