சரியான பதில்

டாக்டர் அறைக்கு வெளியே மனைவி கடைசியாக ஒருமுறை கேட்டாள்.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"நான் யாரு?"

"என் சம்சாரம்."

ஈரல் கெட்டு அவருக்குப் புத்தி தடுமாறத் தொடங்கியிருந்தது. அது தெரிந்தால் மாற்று ஈரல் வைக்க மாட்டார்களோ என்ற பயத்தில் ஒரு வாரமாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

உள்ளே டாக்டரும் கிழமையைக் கேட்டார்; அவளைக் காட்டி யாரென்று கேட்டார். ஒரு பதிலிலும் அவர் சறுக்கவில்லை.

டாக்டர் ஃபோனை எடுத்தார். "அந்த இன்னொரு பேஷன்ட்டையே தியேட்டருக்குள்ள கொண்டு போங்க."

அவளிடம் திரும்பினார். "வந்திருக்கிறது ஒரே ஈரல்மா. புத்தி தடுமாறினவங்களுக்குத்தான் முதல்ல வைப்போம். இவர் தெளிவா இருக்கார், காத்திருக்கலாம்."



கணவர் விரலால் அவள் கையைச் சுரண்டினார்.

"எல்லாம் சரியாச் சொன்னேனா, டீச்சர்?"