தூளியும் பச்சைப் புள்ளியும்

கிட்ட வந்து உக்காருங்க. இதைச் சத்தமாச் சொன்னா ஒரு பொண்ணோட வேலைக்கு உலை வெச்சிடும்.

ஸ்ரீரங்கத்துல, ரயிலடிக்குப் பக்கத்து மாடி வீட்டுல, வேணியோட கைப்பிள்ளையைப் பாத்துக்கற ஆளு நான். வேணிக்குத் தில்லை நகர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. பிள்ளை பொறந்ததால வீட்டுலேர்ந்தே பாக்கச் சொல்லிட்டாங்க. நல்லதுன்னுதான் நானும் நெனச்சேன்.

ஆனா அந்தக் கம்ப்யூட்டர்ல ஒரு புள்ளி வெச்சிருந்தாங்க. மவுஸை அசைச்சுக்கிட்டே இருந்தா பச்சை. அசையலைன்னா சிவப்பு. சிவப்பானா ஆளு வேலை செய்யலைன்னு அர்த்தமாம்.

சிவப்பாக வேண்டியதுதான், போன் அடிக்கும். மேனேஜர் பாக்கியநாதன்.

“வேணி, இருக்கியாம்மா?”

“இருக்கேன் சார்.”

அவ்வளவுதான். வெச்சிடுவாரு.

பிள்ளை பாலுக்கு வாய் வெச்சா போன். அதுக்குக் கண்ணு சொருகினா போன். ஒருநாள் வாய்விட்டே திட்டிட்டேன். “இந்த மனுசனுக்குச் சம்பளமே இருக்கியா, இருக்கியான்னு கேக்கறதுக்குத்தானா?”

“அக்கா, அவர் போனை வெச்சிட்டாரான்னு பாத்துட்டுத் திட்டுங்க.”

“நீ என்ன வேலைதாண்டி பாக்கற?”

“புரோகிராம் எழுதறேன்க்கா. பாதி வேலை யோசிக்கறதுதான். எங்க டீமே நாள்கணக்கா ஒரு தப்பைத் தேடிக்கிட்டு இருந்துச்சு. நேத்து பிள்ளையைக் குளிப்பாட்டும்போதுதான் அது எங்க இருக்குன்னு எனக்குப் பிடிபட்டுச்சு. அப்பப் பாத்தா புள்ளி சிவப்பு.”

“சும்மா உக்காந்து மவுஸை உருட்டினா?”

“பச்சை. தப்பு மட்டும் அப்படியே இருக்கும்.”

சோறு வெந்திருக்கான்னு பாக்காம, கரண்டி ஆடுதான்னு மட்டும் பாக்கற சமையக்கட்டை நான் எங்கயும் கண்டதில்ல.

அப்பறம் சென்னை ஹெட் ஆபீஸ்லேர்ந்து மெயில் வந்துச்சு. சிவப்பு இதுக்கு மேல போனா வேலையை விட்டு நின்னுக்கலாமாம்.

புருஷன் பூவரசன் சொல்லிப் பாத்தான். “விட்டுடு வேணி. பிள்ளை வளந்ததும் வேற தேடிக்கலாம்.”

“அப்ப எவன் எடுப்பான்? இத்தனை நாள் என்ன பண்ணினேன்னு கேப்பான். பிள்ளை வளத்தேன்னா, போயிட்டு வாங்கன்னுடுவான்.”

மறுநாள் தூளியிலேர்ந்து ஒரு நூலை இழுத்து மவுஸுல கட்டினா. மவுஸோட மறுபக்கம் ரப்பர் பேண்டைக் கட்டி, அதைச் சன்னல் கம்பியில மாட்டினா. நான் தூளியை ஆட்டினா மவுஸு மேசை மேல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுது.

புள்ளி பச்சைப் பசேல்னு நின்னுச்சு.

“பாப்பாயிக்கா, இன்னிலேர்ந்து நீங்களும் ஐ.டி.”

போன் அடிக்கறது நின்னுச்சு. பிள்ளை பசியாறித் தூங்குச்சு. வேணியும் வேலையை ஒழுங்கா முடிச்சுக் குடுத்தா. நானும் நிம்மதியாத் தூளியை ஆட்டினேன்.

ஒரு மத்தியானம் கதவைத் தட்டற சத்தம். திறந்தா, கையில சின்னச் சட்டையும் சோப்பு டப்பாவுமா ஒருத்தர்.

“பாக்கியநாதன். குழந்தையைப் பாக்கலாம்னு வந்தேன்.”

பிள்ளை பாக்க வந்தவங்களை வாசல்ல நிறுத்த முடியுமா? உள்ள வந்துட்டாரு. வேணி முகத்துல ஈயாடல.

எனக்குத்தான் திண்டாட்டம். ஆட்டறதை நிறுத்தினா அவரு கண்ணு முன்னாலயே புள்ளி சிவக்கும். ஆட்டினா மவுஸு ஓடறது தெரியும். பிள்ளை வேற சிணுங்குது. ஆட்டினேன்.

அவரு மவுஸைப் பாத்தாரு. நூலைப் பாத்தாரு. நூலு வந்த வழியே வந்து என்னையும் பாத்தாரு.

“சென்னையிலேர்ந்து கேட்டாங்கம்மா,”ன்னாரு வேணிகிட்ட. “மத்தியானம்கூட பச்சையாவே இருக்கே, இந்தப் பொண்ணு சாப்பிடவே மாட்டாளா, நேர்ல போய்ப் பாத்துட்டு வான்னு.”

“தப்புதான் சார். நானே வேலையை விட்டு நின்னுக்கறேன்.”

எனக்குப் பொறுக்கல. “ஏன் சார், சிவப்பா இருந்தா போன் பண்றீங்க. பச்சையா இருந்தா ஆளே வந்துடறீங்க. அவ என்ன கலர்லதான் இருக்கணும்?”

அவரு வாயைத் திறக்கறதுக்குள்ள அவரு செல்லு ‘டிங்’குன்னுச்சு. ஒரு நிமிஷம்னு எங்களுக்குக் கையைக் காட்டிட்டு யாருக்கோ போன் போட்டாரு.

“அடைக்கலம், இருக்கியாப்பா? சரி.”

வெச்சிட்டு என் பக்கம் திரும்பினாரு.

“சிவப்பு விழுந்ததும் அது எனக்கு மட்டும்தாங்க தெரியும். கொஞ்ச நேரம் யாரும் தொடலைன்னாத்தான் சென்னைக்குப் போகும். அதுக்குள்ள நான் கூப்பிட்டுட்டா, போனை எடுக்கற கையோட மவுஸையும் தொட்டுடுவாங்க. விவரமாச் சொல்லலாம்னா, போன்ல பேசறதெல்லாம் பதிவாகுது. அதான் இருக்கியா, இருக்கியான்னு எல்லாரையும் கேட்டுக்கிட்டுக் கெடக்கறேன்.”

வேணி என்னைப் பாத்தா. நான் பிள்ளையைப் பாத்தேன்.

“நீ சாப்பிட்டியாம்மா?”ன்னாரு.

இல்லைன்னு தலையாட்டினா.

அவரு சன்னல்கிட்ட போய், கம்பியிலேர்ந்து ரப்பர் பேண்டைக் கழட்டினாரு. “சாப்பாட்டு நேரத்துல சிவப்பா இருக்கணும்மா. அப்பத்தான் மனுசங்க வேலை பாக்கறாங்கன்னு நம்புவாங்க.”

என் கையிலேர்ந்து தூளியை வாங்கிக்கிட்டுத் தரையில உக்காந்துட்டாரு. “போங்க, ரெண்டு பேரும் சாப்பிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்.”

நாங்க கை கழுவிட்டு வந்து பாத்தப்ப பிள்ளை தூங்கிப் போயிருந்துச்சு. அவரே எழுந்து ரப்பர் பேண்டைத் திரும்பக் கம்பியில மாட்டி, பிள்ளை முழிக்காம ஒரு தடவை தூளியை ஆட்டிப் பாத்து, புள்ளி பச்சையானப்பறம்தான் செருப்பை மாட்டினாரு.