குகநாதன் கேட்ட மன்னிப்பு

“மருந்தை வீசி எறியுங்கள்! விசுவாசம் உள்ளவனுக்கு மருந்து வேண்டாமென்று வேதம் சொல்கிறது!” என்று ஆங்கிலத்தில் முழங்கினார், சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த பிரசங்கியார்.

தம்போய் வட்டாரத்தின் ஒரு கடைவீட்டு மாடியில் கூடியிருந்த சபை, வழக்கம்போல் தமிழுக்காகக் காத்திருந்தது. பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் குகநாதன் ஒலிவாங்கியை வாயருகே உயர்த்தினார்.

“விசுவாசிக்கு மருந்து வேண்டாமென்று பிரசங்கியார் சொல்கிறார். வேதம் அப்படிச் சொல்லவில்லை.”

சபை சலசலத்தது. யாரோ விஷயத்தைக் காதில் போட, பிரசங்கியாரின் முகம் கறுத்தது. பாதியிலேயே முடித்துக்கொண்டு நாற்காலியில் போய் அமர்ந்துவிட்டார்.

அவசரமாகப் பாட்டு தொடங்கியது. அதன் மறைவில் போதகர் ரூபேந்திரன் குகநாதனை மேடையோரம் அழைத்துக்கொண்டு போனார். சபைச் செயலாளர் விஜிதாவும் விரைந்து வந்தாள்.

“அலமாக்! என்ன அங்கிள் இப்படிப் பண்ணிட்டீங்க?” என்றார் போதகர். “நம்மள நம்பி, சிங்கப்பூர் பாலத்துல ரெண்டு மணி நேரம் ஜாம்ல கிடந்து வந்தவரு, லா!”

“வந்ததுக்கு நன்றி சொல்லுவம். சொன்னதுக்கு ஆமென் சொல்ல ஏலாது.”

“முப்பது வருஷம் கோர்ட்டுல மொழிபெயர்த்தீங்களே,” என்று குத்தினாள் விஜிதா. “திருடன் சொன்ன பொய்யக்கூட ஒரு சொல்லு மாத்தாம சொன்னேன்னு பெருமை பேசுவீங்க. ஊழியக்காரரு என்ன, திருடனவிட மட்டமா போயிட்டாரா?”

“அதைப் பொய்யெண்டு தள்ள அங்க நீதிபதி இருந்தார், பிள்ளை. இங்க ஆர் இருக்கினம்? சனம் அதைத் தேவவாக்கெண்டு வீட்டுக்குக் கொண்டுபோகும்.”

“வேதத்தோட கருத்து ஏறக்குறைய அதுதானே, அங்கிள்?” என்றார் போதகர்.

“ஏறக்குறையவோ? எந்த அதிகாரம், எத்தனையாம் வசனமெண்டு காட்டச் சொல்லுங்கோ, போதகர். மனுசன்ர கருத்துக்குக் கீழ ஆண்டவரின்ர கையெழுத்தைப் போட எனக்குக் கை வராது.”

போதகரின் பொறுமை அற்றுப்போனது.

“பாட்டு முடியுறதுக்குள்ள முடிவு பண்ணுங்க. சபை முன்னால மன்னிப்புக் கேட்டா இந்த மேடை உங்களுக்கு. இல்லாட்டி, அடுத்த வாரத்துலேர்ந்து விஜிதா மொழிபெயர்ப்பாங்க.”

இருபது ஆண்டுகளாக அவர் நின்ற மேடை அது. பணி ஓய்வுக்குப் பின் அவருக்கு எஞ்சியிருந்த ஒரே திருப்பணி. அதுவும் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை எதற்காக விடியவேண்டும்?

பாட்டு முடிந்தது.

“கேக்கிறன்,” என்றார் குகநாதன்.

விஜிதாவின் உதட்டில் வெற்றி மலர்ந்தது. பிரசங்கியார் மன்னிப்பதற்கு ஆயத்தமாக எழுந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

குகநாதன் அவர் பக்கம் திரும்பவேயில்லை. மேடையிலிருந்து இறங்கினார். நாற்காலிகளுக்கிடையே நடந்து, கடைசி வரிசையில் தனியே அமர்ந்திருந்த லாரி ஓட்டுநர் காளியப்பனின் முன்னே போய் நின்றார். சர்க்கரை நோயில் கிடந்த மனைவி அங்கம்மாளை ஆறு மாதங்களுக்கு முன் அடக்கம் செய்தவர் காளியப்பன்.

“தம்பி, என்னை மன்னியும். போன வருஷம் இவர் வந்தபோதும் இதையேதான் சொன்னார். நான் ஒரு சொல்லும் மாத்தாமல் தமிழில சொன்னன். உம்மட அங்கம்மா அண்டைக்கே இன்சுலின் ஊசியை நிப்பாட்டினா.”

காளியப்பன் பதறி எழுந்தார்.

“ஐயோ, சொன்னது அவருதானே அங்கிள்! உங்க மேல என்ன தப்பு?”

“அங்கம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, தம்பி. அவ கேட்டது என்ர குரலைத்தான்.”