சம்பந்தி அனுப்பிய பெட்டிகள்

ஸ்டோர் ரூம் கதவில் முதுகை ஒட்டவைத்துக்கொண்டு நின்றார் ஆம்ப்ரோஸ். உள்ளே இருக்கும் பெட்டிகள் மகள் கண்ணில் பட்டால் நிச்சயதார்த்தத்தை அவள் நிறுத்திவிடுவாள். வெளியே எடுத்து வைக்காவிட்டால் சம்பந்தி நிறுத்திவிடுவார்.

காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர், பீடி வாசனைகூட அறியாதவர். பாவம், இன்றைக்கு மயிலாப்பூர் சர்ச் ஹாலில் கடத்தல்காரன் மாதிரி கோட்டுக்குள் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்கிறார்.

"இன்னா சார், இங்கயே நின்னுக்கினு கீற?" சமையல் கான்ட்ராக்டர் அறிவு வந்துவிட்டார். "எலை போட்டாச்சு. மோதிரம் மாத்தினதும் பந்திதான். அத்த எடுத்து வைக்கவா, வேணாவா?"

"இரு அறிவு, யோசிக்க விடு."

"யோசிக்க இன்னா கீது? ஓசில வந்த தண்ணி பாட்டிலு. எலைக்கு ஒண்ணு வெச்சா முடிஞ்சுது."

ஓசியில் வந்ததுதான் வினை. சம்பந்தியாகப் போகிற ஜேக்கபுக்கு ஈக்காட்டுத்தாங்கலில் குடிநீர் பாட்டில் கம்பெனி. மத்தியானம் குட்டி யானை வண்டி ஒன்று ஹால் வாசலில் வந்து நின்று, பெட்டி பெட்டியாக இறக்கிவிட்டுப் போயிருந்தது. ஒவ்வொரு பாட்டிலிலும் மாப்பிள்ளை ஜெஃப்ரியும் மகள் ஜெசிகாவும் சேர்ந்து சிரிக்கும் படம்.

ஜெசிகாவோ, ஞாயிறு பூசை முடிந்த கையோடு அடையாறு முகத்துவாரத்துக்குப் போய், சேற்றிலிருந்து இதே மாதிரி பாட்டில்களைப் பொறுக்குகிறவள். "ரெண்டு மடக்கு குடிச்சிட்டுத் தூக்கிப் போடறாங்க டாடி. என் பேரப்பிள்ளைங்க காலத்துலயும் அது அங்கயேதான் கிடக்கும்" என்பாள். சித்தி மகன் ரிசப்ஷனில் இலைக்கு இலை பாட்டிலைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமலே வீட்டுக்கு வந்தாள். அப்படிப்பட்டவளுக்குப் பாட்டில் கம்பெனி முதலாளி மகன் மேல்தானா காதல் வர வேண்டும்? வந்து தொலைத்தது.

இன்றைக்கென்று எவர்சில்வர் டம்ளர்களை வாடகைக்கு எடுத்து, அண்டா அண்டாவாகத் தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்திருந்தாள். "ஒரே ஒரு பாட்டில் மேசைக்கு வந்தாலும் மோதிரத்துக்கு விரல் நீட்ட மாட்டேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். சொன்னால் செய்வாள்.

"டாடி, எல்லாரும் தேடறாங்க. இங்க என்ன பண்றீங்க?"

நீலப் பட்டும் தலையில் மல்லிகையுமாக ஜெசிகாவே வந்து நின்றாள்.

"உள்ள ஐஸ்கிரீம்மா. கதவைத் திறந்தா உருகிடும்."

"ஐஸ்கிரீம் ஃப்ரீசர் வாசல்ல இருக்கு."

அறிவு நைசாக நழுவிவிட்டார். ஜெசிகா அப்பாவின் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டுக் கதவைத் திறந்தாள். மேல் பெட்டி பிரிந்து கிடந்தது. நூறு ஜெசிகாக்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூட ஆம்ப்ரோஸுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கண் மட்டும் கலங்கியது.

"வைக்கப் போறீங்களா டாடி?"

"அவங்க மனசு கோணக் கூடாதேன்னு..."

சொல்லி முடிப்பதற்குள் வராந்தாவில் செருமல் சத்தம். ஜேக்கப்தான். சலவை மடிப்புக் கலையாத வெள்ளை சூட், தோளில் வழக்கம்போல் எவர்சில்வர் ஃபிளாஸ்க். பெண் பார்க்க வந்தபோதும் அதை மாட்டிக்கொண்டுதான் வந்தார். சர்ச் கொயரில் பாடுகிற தொண்டை, வெந்நீர்தான் ஒத்துக்கொள்ளுமாம்.

"என்ன சம்பந்தி, பெட்டியெல்லாம் வந்துச்சா? எங்க வீட்டு ஆளுங்க உட்கார்ற மேசைக்கு வெச்சாச்சா?"

ஆம்ப்ரோஸுக்கு முன்னால் சம்பந்தி, பக்கத்தில் மகள், பின்னால் பெட்டிகள். ஓடுவதற்கும் வழியில்லை. 'வெச்சாச்சு' என்றால் மகள் இப்போதே மோதிர விரலை மடக்கிவிடுவாள். 'இல்லை' என்றால் இந்த மனிதர் தன் ஜனத்தைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிவிடுவார். மேடையில் ஜெஃப்ரி ஒன்றும் தெரியாமல் காத்துக்கொண்டிருக்கிறான்.

ஜெசிகா அப்பாவின் கையைப் பிடித்தாள். முதல் நாள் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டபோதும் இப்படித்தான் பிடித்தாள்.

என்ன ஆனாலும் ஆகட்டும் என்று ஆம்ப்ரோஸ் நிமிர்ந்தார்.

"வைக்கல சார். வைக்கப் போறதும் இல்ல. உங்க ஆளுங்க, எங்க ஆளுங்க, எல்லாருக்கும் டம்ளர்ல காய்ச்சின தண்ணிதான். உங்களைக் குறைச்சு நினைச்சு சொல்லல. என் பொண்ணுக்கு இது ஆகாது. எனக்கும் வேணாம்."

ஜேக்கப் வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தார். இருவரையும் ஸ்டோர் ரூமுக்குள் தள்ளாத குறையாக அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். போச்சு, எல்லாம் போச்சு என்று ஆம்ப்ரோஸ் மாதாவை நினைத்துக்கொண்டார்.

"காய்ச்சின தண்ணின்னா சொன்னீங்க?"

"ஆமா. அண்டாவுல."

ஜேக்கப் நீளமாக மூச்சு விட்டார். தோளிலிருந்து ஃபிளாஸ்க்கைக் கழற்றி ஆட்டிப் பார்த்தார். காலி. அதை வருங்கால மருமகள் கையில் கொடுத்தார்.

"இதுலயும் ரொப்பிக் குடும்மா" என்றவர், பெட்டிகளைப் பார்க்காமல் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வீட்ல யாரும் அந்தத் தண்ணியக் குடிக்கிறதில்ல."