நோய்நொடி இல்லாதவர்கள்

எங்களைப் போல இந்த நாட்டில் அனுமதியில்லாமல் தங்கியிருப்பவர்களைப் பற்றி ஆய்வு செய்யும் அம்மாள் ஒருவர் அறைக்கு வந்தார். பெயர் கேட்கவில்லை. போலீஸுக்குச் சொல்லாத ஆஸ்பத்திரி ஒன்று இங்கே தேவையா என்று தெரிந்தால் போதுமாம்.

"எதுக்கும்மா?" என்றார் மச்சான். "எல்லாம் இளவட்டம். கல்லைத் தின்னாலும் செரிக்கும். ஆஸ்பத்திரி வாசலையே மிதிச்சதில்ல."

"பொம்பளைங்க?"

"அவங்களுந்தான்."

மச்சானின் மனைவி நிறைமாத வயிற்றோடு என்னைப் பார்த்தாள்.

"என் பொண்டாட்டியும் மிதிச்சதில்ல," என்றேன். "பிரசவ வலியில கெஞ்சினா. எல்லாரும் மாட்டிக்குவோம்னு இவர் கதவைப் பூட்டிட்டார். இவரோட கூடப்பிறந்த தங்கச்சிம்மா அவ. பொணமாத்தான் வெளிய போனா."

மச்சான் பல் தெரியச் சிரித்தார். "எனக்குத் தங்கச்சியே கிடையாதும்மா. இவர் புத்தி பேதலிச்சவர்."

அம்மாள் அவர் மனைவியிடம் திரும்பினார். "அப்படியா?"

வயிற்றைத் தடவியபடி அவள், "ஆமாங்க, இவருக்குத் தங்கச்சி கிடையாது" என்றாள்.