தண்ணீருக்குப் பயந்த படகு

உறையின் மூலையில் ஒட்டியிருந்த படகுத் தபால்தலைக்குக் கிண்ணத்துத் தண்ணீரைப் பார்த்ததும் உயிரே போய்விட்டது.

“படகுப் படத்தைப் போட்டுக்கிட்டுத் தண்ணிக்குப் பயமா?” என்று சிரித்தது பக்கத்தில் கிடந்த தபால்தலை எடுக்கும் இடுக்கி.

“தண்ணிக்கு இல்லண்ணே, பிடுங்கறதுக்கு. பக்கத்துல இருந்த மயில் தபால்தலையை யாரோ வெடுக்குனு உரிச்சாங்க. பாதி முதுகு உறையிலேயே நின்னுபோச்சு.”

“ஜெசிந்தாக்கா அப்படிச் செய்யாது. அது தபால்தலை சேகரிக்கிறதுக்குப் பேரே ஃபிலாட்டலி, தெரியுமா?”

“பேரு பெரிசாத்தான் இருக்கு. கை எப்படி?”

இடுக்கி பதில் சொல்வதற்குள் ஜெசிந்தா சூடான டீயைத் தள்ளி வைத்துவிட்டு, உறையின் மூலையைக் கத்தரித்துத் தண்ணீரில் மிதக்கவிட்டாள். படகு காகிதத்தை இறுகக் கட்டிக்கொண்டது. யாரும் இழுக்கவில்லை. அவள் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பசை மெல்ல இளக, படகு தானாகவே நழுவி வந்தது. ஓரத்தில் ஒரு பல்கூட உடையவில்லை. இடுக்கி அதை ஏந்திச் செய்தித்தாளில் குப்புறப் படுக்க வைத்தது.

அடுத்த உறையில் ரோஜாத் தபால்தலை நடுங்கியது. “வலிக்குமா?”

“அக்காவோட டீயைப் பாரு,” என்றது படகு, குப்புறக் கிடந்தபடியே. “நான் உள்ளே இறங்கறப்போ ஆவி பறந்துச்சு. இப்போ ஆடை கட்டியிருக்கும். எனக்காகக் காத்திருந்ததுல அக்கா இன்னும் ஒரு வாய் குடிச்சிருக்காது.”