வீட்டு உபயோகம்

குருவம்மாள் வீட்டு மின்சாரத்தில் தொழில் செய்கிறாள் என்று புகார் வந்து, அதிகாரி தாமோதரன் லைன்மேனோடு வந்திருந்தார். இஸ்திரிப் பெட்டியின் சூடு இன்னும் ஆறவில்லை.

“வீட்டு உபயோகம்னா உங்க துணி மட்டுந்தாம்மா. ஊரார் துணி தேய்ச்சா கனெக்‌ஷனை வெட்டிருவோம்,” என்றார் தாமோதரன்.

“எல்லாம் எங்க துணிதான் சார்.”

லைன்மேன் குவியலிலிருந்து கோடுபோட்ட சட்டை ஒன்றை உருவினான். “இவ்வளவு பெரிய சட்டை யாருக்கு?”

அது தாமோதரனின் சட்டை. அவர் மனைவி தேய்க்கக் கொடுத்தது.

“எங்க வீட்டுக்காரருக்கு,” என்றாள் குருவம்மாள், தலை நிமிராமல்.

“எங்க, போடச் சொல்லு பாப்போம்,” என்றான் லைன்மேன்.

மூலையில் உட்கார்ந்திருந்த நோஞ்சான் புருஷன் எழுந்து சட்டையை மாட்டினான். கைகள் உள்ளே காணாமல் போயின. கழுத்துவரை பொத்தானைப் போட்டுக்கொண்டு தாமோதரன் முன்னால் வந்து நின்றான்.

“அளவாத்தான் இருக்கு,” என்றார் தாமோதரன், மீட்டரைப் பார்த்துக்கொண்டு.